எடையும் இடமும்: அடர்த்தியைக் கொண்டு பொருளை அறிவது எப்படி?

"ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா?" என்னும் புதிரைச் சிறு வயதில் கேளாதவர் நம்மில் அரியர். இரண்டும் ஒரே எடை என்பதே விடை. ஆயினும், "இரும்பு" என்று நாவில் முந்தி வரும் விடையிலும் ஓர் உண்மை உண்டு. ஒரு கிலோ இரும்பு உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு கிலோ பஞ்சுக்கோ ஒரு பெரிய பை வேண்டும். எடை ஒன்றாக இருப்பினும் அவை பிடித்துக்கொள்ளும் இடம் வேறு. எடைக்கும் இடத்துக்கும் உள்ள இந்த உறவே அடர்த்தி எனப்படுகிறது. பெயர் தெரியாத ஒரு பொருளை அறுக்காமல், உருக்காமல், அமிலம் படாமல் ஆராய்வதற்கு அறிவியல் நமக்குத் தந்துள்ள மிக எளிய கருவிகளுள் இதுவும் ஒன்று.

வங்கி இதழில் இப்பாடம் எதற்கு என்று வாசக அன்பர்கள் வினவலாம். இந்தியக் குடும்பங்களின் சேமிப்பில் கணிசமான பகுதி தங்கமாகவே உள்ளது. மகளின் திருமணத்துக்கும், மகனின் படிப்புக்கும், எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் அந்நகையே கைகொடுக்கிறது. ஆனால் தாய்வழி வந்த காப்பு, ரசீது தொலைந்துபோன சங்கிலி, ஹால்மார்க் முத்திரை இல்லாத பழைய நகை ஆகியவற்றைக் கையில் எடுக்கும்போது "இது உண்மையில் எவ்வளவு தங்கம்?" என்னும் வினா எழுகிறது. அதற்குத் தவறான விடை கிடைத்தால் இழப்பு இரு வகையில் நேரும். போலியை அசல் என்று நம்பிப் பணத்தை இழப்பது ஒன்று. அசலைப் போலி என்று ஐயுற்று, மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்க்க அடர்த்தி எவ்வளவு தூரம் துணைசெய்யும், எந்த இடத்தில் துணைசெய்யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அடர்த்தி என்பது யாது?

ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. நிறையைக் கிராமிலும் கன அளவைக் கன சென்டிமீட்டரிலும் குறித்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று விடை வரும். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1. எனவே ஒரு பொருளின் அடர்த்தி 8 என்றால், அதே கன அளவுள்ள நீரைவிட அது எட்டு மடங்கு எடையுடையது என்று பொருள்.

தூய பொருளின் அடர்த்தி அதன் அளவையோ வடிவத்தையோ பொறுத்ததன்று. குன்றிமணி அளவுத் தங்கமாயினும் ஒரு கிலோ கட்டியாயினும் அடர்த்தி ஒன்றே. இதனாலேயே அது அடையாளமாகப் பயன்படுகிறது. நாம் அடிக்கடி காணும் சில பொருள்களின் அடர்த்தி, அறை வெப்பநிலையில், ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

அலுமினியம்: 2.70
துத்தநாகம்: 7.1
இரும்பு: 7.87
பித்தளை: 8.4 முதல் 8.7 வரை
செம்பு: 8.96
வெள்ளி: 10.5
ஈயம்: 11.3
பாதரசம்: 13.5
டங்ஸ்டன்: 19.25
தங்கம்: 19.3
பிளாட்டினம்: 21.45

இப்பட்டியலை ஒருமுறை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தங்கத்துக்கு மாற்றாகப் பொதுவாகக் கலக்கப்படும் செம்பு, வெள்ளி, துத்தநாகம், பித்தளை ஆகிய அனைத்தும் தங்கத்தின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி அளவிலோ அதற்கும் கீழோ உள்ளன. மஞ்சள் நிறத்தைப் பூச்சால் வரவழைத்துவிடலாம். எடையைக் கூட்டவும் இயலும். ஆனால் மலிவான உலோகத்தைக் கொண்டு, அதே சிறிய இடத்துக்குள் அதே எடையை அடக்குவது கடினம். பட்டியலில் தங்கத்தை ஒட்டி நிற்கும் டங்ஸ்டனைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

நகைக்குப் பயன்படும் தங்கம் தூய தங்கமன்று. 22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கமும் எஞ்சிய பங்கு பெரும்பாலும் வெள்ளியும் செம்பும் இருக்கும். அந்த எஞ்சிய பங்கு முழுவதும் செம்பானால் அடர்த்தி ஏறத்தாழ 17.6, முழுவதும் வெள்ளியானால் ஏறத்தாழ 18.0. ஆயிரத்துக்கு 750 பங்குள்ள 18 காரட் தங்கத்துக்கு இவ்வெல்லை 15.0 முதல் 16.0 வரை. ஆயிரத்துக்கு 585 பங்குள்ள 14 காரட் தங்கத்துக்கு ஏறத்தாழ 13.0 முதல் 14.3 வரை.

மகுடமும் நீரும்

எடையைத் தராசு காட்டிவிடும். வளைவும் நெளிவும் பூவேலையும் நிறைந்த ஒரு நகையின் கன அளவை எங்ஙனம் காண்பது? ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரில் இவ்வினா எழுந்ததாக, உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்துள்ளார். மன்னர் ஹியரோ செய்வித்த பொன் மகுடத்தில் வெள்ளி கலந்திருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு ஆர்க்கிமிடீசிடம் வந்தது. குளியல் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்ததைக் கண்டு அவர் விடையை உணர்ந்தார் என்பது விட்ருவியஸ் கூறும் கதை.

கதை சுவையானது, எனினும் வழிந்த நீரை அளந்து கலப்படத்தைப் பிடிப்பது எளிதன்று. ஒரு கிலோ எடையுள்ள மகுடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்துள்ளதாகக் கொள்வோம். தூய தங்க மகுடத்தின் கன அளவு ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர். கலப்பட மகுடத்தினுடையது ஏறத்தாழ 65. வேறுபாடு 13 கன சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பாத்திரத்தில் அது நீர்மட்டத்தை வெறும் 0.4 மில்லிமீட்டரே உயர்த்தும். அதைக் கண்ணால் கண்டு தீர்ப்புக் கூற இயலாது.

இக்குறையை உணர்ந்த கலிலியோ, 1586-ஆம் ஆண்டில் தமது இளமையில் எழுதிய ஒரு சிறு நூலில் வேறொரு வழியைக் கூறினார். பொருளைக் காற்றில் ஒருமுறையும் நீரில் மூழ்கிய நிலையில் ஒருமுறையும் நிறுக்க வேண்டும். நீருக்குள் பொருளின் எடை குறைந்து தோன்றும். அக்குறைவு, அப்பொருள் விலக்கிய நீரின் எடைக்குச் சமம் என்பது ஆர்க்கிமிடீசின் தத்துவம். ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிராம் ஆதலால், எடை குறைந்த கிராம் எத்தனையோ அத்தனை கன சென்டிமீட்டரே அப்பொருளின் கன அளவு. நீர்மட்டத்தை அளப்பதைவிட எடையை அளப்பது பன்மடங்கு நுட்பமானது.

கலிலியோவுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அறிஞர் அல்பிரூனி, உலோகங்களையும் இரத்தினக் கற்களையும் நீரின் துணையால் ஒப்பிட்டு அவற்றின் அடர்த்தி விகிதங்களைக் கண்டறிந்து பதிவு செய்திருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வீட்டில் செய்து பார்க்கும் முறை

இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு கண்ணாடிக் குவளை, மெல்லிய நூல், நீர் ஆகியவை போதும்.

1. நகையைத் துடைத்து உலர்த்தி, காற்றில் அதன் எடையைக் குறித்துக்கொள்க.
2. குவளையில் நகை முழுதும் மூழ்கும் அளவுக்கு நீர் எடுத்துத் தராசின் மீது வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவருக.
3. நகையை நூலில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிடுக. அது குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடலாகாது.
4. நகையில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் மெல்ல அசைத்து நீக்குக. ஒரு துளி சோப்புக் கரைசல் இதற்கு உதவும்.
5. தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. அதுவே கன சென்டிமீட்டரில் நகையின் கன அளவு.
6. முதலில் குறித்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

நகையின் எடையை நூல் தாங்கிக்கொண்டிருக்கத் தராசு ஏன் ஓர் எண்ணைக் காட்டுகிறது? நீர் நகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே அளவு விசையால் நகை நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசையே தராசில் பதிவாகிறது. நகை அடியைத் தொட்டுவிட்டாலோ அதன் சொந்த எடையும் சேர்ந்து பதிவாகிக் கணக்குப் பிழைபடும்.

முத்து, பவளம், அரக்கு, நூலில் கோத்த மணிகள் ஆகியவை உள்ள நகைகளை நீரில் அமிழ்த்துதல் கூடாது.

ஒரு கணக்கு

இரண்டு பவுன், அதாவது 16 கிராம் எடையுள்ள, கல் பதிக்காத, உட்கூடு இல்லாத ஒரு காப்பை எடுத்துக்கொள்வோம். நீரில் தொங்கவிட்டபோது தராசு 0.90 காட்டுகிறது. 16-ஐ 0.90-ஆல் வகுத்தால் 17.8. இது 22 காரட்டுக்குரிய 17.6 முதல் 18.0 என்னும் எல்லைக்குள் அமைகிறது.

அதே 16 கிராம் காப்பு 18 காரட் ஆயின் தராசு 1.00 முதல் 1.07 வரை காட்டும். வெள்ளியின் மீது முலாம் பூசியதாயின் ஏறத்தாழ 1.52 காட்டும். பித்தளையின் மீது முலாம் பூசியதாயின் ஏறத்தாழ 1.88 காட்டும். வெளித்தோற்றத்தில் வேறுபாடற்ற நான்கு காப்புகளை ஒரு குவளை நீர் இங்ஙனம் பிரித்துக் காட்டிவிடுகிறது.

தராசின் நுண்மை

முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பது தராசைப் பொறுத்தது. 0.1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு 0.9 என்று காட்டினால், உண்மையான அளவு 0.85 முதல் 0.95 வரை எதுவாகவும் இருக்கலாம். அப்போது மேற்கூறிய காப்பின் அடர்த்தி 16.8 முதல் 18.8 வரை எங்கேனும் அமையும். பித்தளையை விலக்குவதற்கு இது போதும். 21 காரட்டா 22 காரட்டா என்று பிரிப்பதற்குப் போதாது. சமையலறையில் மாவு நிறுக்கும், ஒரு கிராம் வரை காட்டும் தராசு இதற்குச் சிறிதும் உதவாது.

நகை சிறிதாயின் நுண்மையான தராசும் தடுமாறும். 2 கிராம் தோட்டின் கன அளவு 0.11 என்று தராசு காட்டினால், அரைப் பங்கு வேறுபாட்டிலேயே அடர்த்தி 17.4 முதல் 19.0 வரை மாறிவிடும். எனவே தோடு, மூக்குத்தி போன்றவற்றுக்கு வீட்டில் இம்முறையைக் கொண்டு முடிவெடுத்தல் தகாது.

நீரின் வெப்பநிலையும் சிறிதளவு மாற்றம் தரும். 30 பாகை செல்சியஸில் நீரின் அடர்த்தி 0.996 ஆகிவிடுவதால் விடை ஆயிரத்தில் நான்கு பங்கு குறையும். நம் காப்பின் கணக்கில் 17.8 என்பது 17.7 ஆகும். நகைக்கு இது பெரும் வேறுபாடன்று. ஆனால் எல்லாத் துறைகளிலும் இவ்வாறு விட்டுவிட இயலாது.

ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபாடு அறிவியல் வரலாற்றையே மாற்றியதுண்டு. ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜனையும் வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனையும் ஒரே கலத்தில் அடைத்து நிறுத்தார். முன்னது 2.3102 கிராம், பின்னது 2.2990 கிராம். அளவீட்டுப் பிழை என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. மீண்டும் மீண்டும் நிறுத்து உறுதி செய்தார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனில் அதுவரை எவரும் அறியாத, கனமான ஒரு வாயு கலந்திருந்ததே காரணம். 1894-இல் அவரும் வில்லியம் ராம்சேயும் அறிவித்த அவ்வாயுவே ஆர்கன். 1904-இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. தம் தராசின் நுண்மையை அவர் நன்கு அறிந்திருந்ததனாலேயே அச்சிறு வேறுபாட்டை உண்மை என்று நம்ப முடிந்தது.

அடர்த்தி ஏமாறும் இடங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு, அடர்த்தி தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நகையைப் பொறுத்தவரை ஐந்து இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, காற்றுக் குமிழி. மேற்கூறிய 16 கிராம் காப்பில் 0.1 கன சென்டிமீட்டர் அளவுக்குக் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் தராசு 0.90-க்கு மாறாக 1.00 காட்டும். 17.8 என்று வர வேண்டிய அடர்த்தி 16.0 ஆகிவிடும். பின்னல் சங்கிலிகளில் இது எளிதில் நேரும். 22 காரட் சங்கிலி 18 காரட் என்று பழி சுமக்கும்.

இரண்டாவது, உட்கூடு. பெரிதாகத் தோன்றி எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல வளையல்கள் உள்ளே கூடாகச் செய்யப்படுகின்றன. 16 கிராம் 22 காரட் தங்கத்தால் ஆன வளையலின் உள்ளே ஒரு கன சென்டிமீட்டர் வெற்றிடம் மூடப்பட்டிருந்தால், மொத்தக் கன அளவு 1.90 ஆகும்; அடர்த்தி 8.4 என்று வரும். அது பித்தளையின் அடர்த்தி! நேர்மையாகச் செய்யப்பட்ட தங்க வளையலைப் பித்தளை என்று முடிவு கட்டினால் அக்குடும்பத்துக்கு நேரும் இழப்பு சிறிதன்று. அரக்கு நிரப்பிய நகைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, கற்கள். வைரத்தின் அடர்த்தி 3.52, மாணிக்கம், நீலம் ஆகியவற்றினது ஏறத்தாழ 4.0. கல் பதித்த நகையின் அடர்த்தி, தங்கம், கல் ஆகிய இரண்டும் கலந்த எண்ணாகவே வரும். அதைக் கொண்டு மாற்றை அறிய இயலாது. கழற்றிய தனிக் கல்லாயின் அடர்த்தி மீண்டும் உதவும். வைரத்துக்குப் பதிலாக விற்கப்படும் கியூபிக் சிர்கோனியாவின் அடர்த்தி 5.6 முதல் 6.0 வரை இருப்பதால், ஒரே அளவுள்ள கற்களில் அது வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாக இருக்கும்.

நான்காவது, கலவையின் மறைபொருள். ஒரு நகையின் அடர்த்தி 15.5 என்று துல்லியமாகவே கிடைத்துவிட்டதாகக் கொள்வோம். அதில் கலந்தது செம்பு மட்டுமாயின் தங்கம் நூற்றுக்கு 79 பங்கு. கலந்தது வெள்ளி மட்டுமாயின் நூற்றுக்கு 71 பங்கு. எண் ஒன்று, விடை இரண்டு. 40 கிராம் நகையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 3.2 கிராம் தூய தங்கமாகும். கலந்த உலோகம் எது என்பதை அடர்த்தி தானாகச் சொல்வதில்லை. நிறத்தாலோ வேறு சோதனையாலோ அறிய வேண்டும். செம்பு மிகுந்தால் செந்நிறமும் வெள்ளி மிகுந்தால் வெளிறிய நிறமும் தோன்றும்.

ஐந்தாவது, டங்ஸ்டன். தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது 19.25. 8 கிராம் நாணயம் ஒன்றில் இவ்வேறுபாடு தராசில் 0.001 கிராம் அளவுக்கே தோன்றும். எனவே டங்ஸ்டன் துண்டைத் தங்கத் தகட்டால் மூடிய போலிக் கட்டியை வீட்டுத் தராசு கண்டுபிடிக்காது. ஒலி செல்லும் வேகத்தால் அது பிடிபடும்: தங்கத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3,200 மீட்டர் வேகத்திலும் டங்ஸ்டனில் ஏறத்தாழ 5,200 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. மீயொலிக் கருவிகள் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்துகின்றன. 22 காரட் என்று முத்திரையிட்ட நகையின் அடர்த்தி 18-ஐத் தாண்டி நின்றால் அதுவும் ஆராயத்தக்கதே. அடர்த்தி குறைந்தால் மட்டுமே ஐயுற வேண்டும் என்பதில்லை.

பால் கற்பிக்கும் பாடம்

இக்குறைபாடு தங்கத்துக்கு மட்டும் உரியதன்று. பால்மானி என்பது அடர்த்தி அளக்கும் கருவியே. பசும்பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.028 முதல் 1.030 வரை. நீர் கலந்தால் அடர்த்தி குறையும், பால்மானி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கொழுப்பு நீரைவிட இலேசானது. பாலாடையை எடுத்துவிட்டால் எஞ்சிய பாலின் அடர்த்தி கூடும். ஆடையையும் எடுத்து, அளவாக நீரையும் சேர்த்தால் அடர்த்தி பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். பால்மானி "நல்ல பால்" என்றே கூறும். இதனாலேயே பால் கொள்முதல் நிலையங்களில் அடர்த்தியுடன் கொழுப்பின் அளவையும் சேர்த்து ஆராய்கின்றனர்.

பெட்ரோல் நிலையங்களிலும் இதே நெறி பின்பற்றப்படுகிறது. பெட்ரோலின் அடர்த்தி 15 பாகை செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால், ஜாடியில் பெட்ரோலை எடுத்து, அடர்த்திமானியையும் வெப்பமானியையும் கொண்டு அளந்து, 15 பாகைக்குரிய எண்ணாக மாற்றிக் காட்ட வேண்டும். அவ்வெண் சரக்கு வந்தபோது பதிவான எண்ணோடு ஒத்திருக்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது. அடர்த்தி 720-க்கும் 775-க்கும் இடையே உள்ளது என்பது மட்டும் போதாது. அந்தச் சரக்குக்கு உரிய எண்ணோடும் பொருந்த வேண்டும்.

மேனியும் உள்ளும்

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு ஒன்று உண்டு. ஒரு பொருள் இன்னது ஆகாது என்று மறுப்பதில் அடர்த்தி வலிமையானது. இன்னதுதான் என்று உறுதி செய்வதற்கு அது மட்டும் போதாது. உட்கூடற்ற, கல்லற்ற ஒரு நாணயத்தின் அடர்த்தி 8.5 என்றால் அது 22 காரட் தங்கமன்று என்பதில் ஐயமில்லை. அடர்த்தி 17.8 என்றால், அது 22 காரட் என்பதற்கு முரணான சான்று கிடைக்கவில்லை என்பதே நாம் சொல்லத்தக்கது.

எஞ்சிய பணியைப் பிற சோதனைகள் செய்கின்றன. உரைகல் மிகத் தொன்மையான கருவி. கட்டளைக்கல் என்ற பெயரில் திருக்குறளிலேயே உவமையாகும் அளவுக்கு அது பழகிப்போனது. கல்லில் உரைத்த கோட்டின் மீது அமிலம் இட்டு மாற்றை மதிப்பிடுவர். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி நகையில் உள்ள தனிமங்களையும் அவற்றின் பங்கையும் சில நொடிகளில் காட்டும். ஆனால் இவ்விரண்டும் பெரும்பாலும் மேற்பரப்பையே ஆராய்கின்றன. தடித்த தங்கப் பூச்சுக்கு அடியில் உள்ளது என்ன என்பதை அவை அறியா. அடர்த்தியோ முழுப் பொருளையும் ஒருசேர நிறுக்கிறது; ஆனால் தனிமங்களைப் பெயர் சொல்லிக் காட்டாது. மேனியை ஆராயும் சோதனையும் உள்ளும் புறமும் சேர்த்து நிறுக்கும் சோதனையும் ஒன்றுக்கொன்று துணை. இரண்டும் ஒத்துப்போகும்போது நம்பிக்கை வலுப்பெறும். முரண்படும்போது மேலும் ஆராய வேண்டும்.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

புதிய நகை வாங்குவோர் ஹால்மார்க் முத்திரையைக் காண வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், 22கே916 போன்ற தூய்மைக் குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனித்த அடையாளக் குறி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை இந்த ஆறு இலக்கக் குறியுடன் மட்டுமே விற்க வேண்டும். அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அக்குறியை இட்டால் நகையின் விவரம் தெரியும். பழைய நகைகளையும் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

நகைக்கடன் பெறுவோர்க்கும் ஒரு சொல். தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்கள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நகையை மதிப்பிடும்போது கடன் பெறுபவர் உடனிருக்க வேண்டும். கல், கொக்கி முதலியவற்றுக்காகக் கழிக்கப்படும் எடையை அவருக்கு விளக்கி, மதிப்பீட்டுச் சான்றில் குறிக்கவும் வேண்டும். மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் வேறுபாடு ஏன் என்பதை வாசகர்கள் தயங்காமல் கேட்கலாம். இப்பாடத்தைப் படித்தபின் அக்கேள்வியைக் கேட்பதும், தரப்படும் விளக்கத்தை உணர்வதும் எளிதாகும்.

பயிற்சி

1. ஒரு குங்குமச் சிமிழின் எடை 52.40 கிராம். நீரில் மூழ்கியபோது தராசு காட்டியது 5.00. இது வெள்ளியாக இருக்கக்கூடுமா?

2. பொன் நாணயம் எனப்பட்ட ஒன்றின் எடை 8.00 கிராம். தராசு காட்டியது 0.94. என்ன சொல்லலாம்?

3. ஒரு வளையலின் எடை 20.00 கிராம். தராசு காட்டியது 2.00. இது தங்கமன்று என்று முடிவு செய்யலாமா?

விடைகள்: முதலாவதன் அடர்த்தி 10.48, வெள்ளி என்பதற்கு முரணில்லை. இரண்டாவதன் அடர்த்தி 8.5, நாணயத்தில் உட்கூடு இராதாகையால் அது தங்கமன்று. மூன்றாவதன் அடர்த்தி 10.0, வளையல் உட்கூடற்றது என்று உறுதியாகத் தெரியாதவரை எம்முடிவுக்கும் வருதல் தகாது. அதை மதிப்பீட்டாளரிடமோ ஹால்மார்க் மையத்திலோ காட்டுவதே முறை.

நிறைவாக, வாசகர்கள் இன்றே செய்யத்தக்க எளிய பணி ஒன்றைக் கூறுவோம். வீட்டிலுள்ள, நீரில் அமிழ்த்தத்தக்க நகை ஒவ்வொன்றுக்கும் காற்றில் எடை, நீரில் தராசு காட்டிய எண், நாள் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். உட்கூடுள்ள நகையாயினும் கல் பதித்த நகையாயினும் இவ்வெண்கள் பயன்தரும். ஏனெனில் அந்நகைக்கென்று உரிய எண்கள் அவை. பழுது பார்க்கவோ மெருகேற்றவோ கொடுத்த நகை திரும்பி வரும்போது மீண்டும் அளந்து பாருங்கள். பற்றவைப்பாலும் மெருகாலும் எடை சிறிதளவு மாறலாம். ஆனால் எடை மாறாமல் நீரில் காட்டும் எண் மட்டும் தெளிவாக மாறியிருந்தால், குமிழி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காரணத்தைக் கேட்டறிவது உங்கள் உரிமை.